அறுபதிலிருந்து நூறு வரை

“நூத்திப் பதினெட்டும்மா” என்றாள் நர்ஸ், அமிர்தவல்லி அதை வேண்டுமென்றே செய்துவிட்டதைப் போல. விரலைக் கவ்வியிருந்த கிளிப்பைக் கழற்றவில்லை. “படி ஏறி வந்தீங்களா?” ஏறித்தான் வந்தாள். மூன்றாவது மாடிக்கு வேறு எப்படி வருவார்கள், பறந்தா? “காபி குடிச்சீங்களா?” ரத்தம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இதே பெண்தான் ஏழு மணிக்குச் சொன்னாள், இப்போது அதையே குற்றமாகக் கேட்கிறாள். “ராத்திரி தூங்கினீங்களா?” தூங்குகிற காரியத்துக்கா வந்திருக்கிறாள் இங்கே. “சரி, ஒரு பத்து நிமிஷம் அமைதியா உக்காருங்க. மனசுல ஒண்ணும் நினைக்காதீங்க. சும்மா இருக்கிறப்ப எவ்ளோ துடிக்குதுன்னு தெரியணும், அவ்ளோதான். திரும்பப் பாப்போம்.” சொல்லிவிட்டு அவள் தன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சட்டையில் பிரிசில்லா என்று பெயர் குத்தியிருந்தது. இருபத்து மூன்று வயது இருக்கும். மனசுல ஒண்ணும் நினைக்காதீங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், ஃபேனை நிறுத்துங்கள் என்பது போல. ஐம்பத்து நான்கு வயதில், தாலுகா ஆபீசில் தட்டச்சு செய்து சம்பாதிக்கிற ஒருத்தி, திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் உடம்பிலிருந்து ஒரு கிட்னியை எடுத்துத் தம்பிக்கு வைப்பதற்கு இந்த உடம்பு லாயக்கா என்று பார்க்க வந்திருக்கிறாள், அவளிடம் ஒன்றும் நினைக்காதே என்றால்? நினைக்காதே என்றதும்தான் இதயம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு திம்திம்மென்று அடிக்கிறது. அடிக்காதே என்று அதனிடம் சொன்னாள். கேட்குமா? வீட்டில் யார் அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறார்கள், இது கேட்க.

எதிர்ச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டியிருந்தார்கள். வயது வாரியாக இதய துடிப்பு, ஓய்வில், ஒரு நிமிடத்துக்கு. இதயத் துடிப்பு. நடுவில் ஒரு ‘த்’ வேண்டும். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இவ்வளவு பெரிய எழுத்து, ஒற்றுப் போட ஆளில்லை. அவள் ஆபீசில் இப்படி ஒரு காகிதம் வெளியே போனால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. பிறந்த குழந்தை, ஒரு மாதம் வரை: எழுபதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு. ஒரு வயதுக்குள்: எண்பதிலிருந்து நூற்று அறுபது. ஒன்று, இரண்டு வயது: எண்பதிலிருந்து நூற்று முப்பது. அப்புறம் மூன்று நான்கு, ஐந்து ஆறு, ஏழிலிருந்து ஒன்பது என்று படிப்படியாக இறங்கி வருகிறது, பத்து குறைகிறது, ஐந்து குறைகிறது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் கைவைத்துப் பார்த்து எழுதிய மாதிரி அக்கறையாக. கடைசி வரிக்கு வந்ததும் அந்த ஆளுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. பத்து வயதும் அதற்கு மேலும், முதியோர் உட்பட: அறுபதிலிருந்து நூறு. அவ்வளவுதான். கீழே விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் நாற்பது போதும் என்று ஒரு பொடி எழுத்து. அமிர்தவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வயதுப் பெண்ணும் அவளும் ஒரே வரியா? நான்கு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, பத்துக்குப் பிறகு ஒருத்திக்கு நடக்கிறதெல்லாம் ஒன்றுமே இல்லையா? பெரியவளானது, கண்ணப்பனுக்கு வாழ்க்கைப்பட்டது, முதல் பிரசவத்தில் பிள்ளை தங்காமல் போனது, ஆதவன் பிறந்தது, மெனோபாஸ் என்று ராத்திரிகளில் வேர்த்துக் கொட்டியது, அம்மா போனது, இது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டம். அறுபதிலிருந்து நூறு. அதற்குள் இருந்துகொள். நூற்றுப் பதினெட்டு என்றால் தப்பு.

பத்து என்பதற்கு முந்தைய வரியில் அவள் இருந்தபோதுதான் பாஸ்கரன் பிறந்தான். ஒன்பது வயது அவளுக்கு. பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஜன்னி மாதிரி வந்து இரண்டு மாதம் படுத்த படுக்கை, குழந்தையைத் தூக்கி இவள் மடியில் போட்டார்கள், பால் புகட்ட மட்டும் அம்மாவிடம் காட்டுவது, மற்ற நேரமெல்லாம் இவள் மடி. ஒரு நாள் மத்தியானம் அவனுக்குச் சுரம். வெறும் உடம்போடு இவள் மார்மேல் கிடந்தவனின் நெஞ்சு தையல் மிஷினை வேகமாக மிதித்தது போல ஓடியது. செத்துப்போகப் போகிறான் என்று நினைத்தாள். அழுதுகொண்டே தெருமுனை கம்பவுண்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள், செருப்புகூடப் போடவில்லை, தார் ரோடு கொதித்தது. அவர் குழாயைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பச்சக் கொழந்தைக்கு அப்படித்தான் பாப்பா ஓடும். உனக்குத்தான் அதைவிட வேகமா ஓடுது, போயி தண்ணி குடி.” அவர் மட்டும்தான் அன்றைக்கு அவள் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவர். அந்தப் பயல்தான் இப்போது நாற்பத்தைந்து வயதில், கறுத்துப்போன முகமும் வெடித்த உதடுமாக, இந்த ஆஸ்பத்திரியிலேயே வாரம் மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினோடு கட்டிக் கிடக்கிறான். இந்த நிமிஷம் இந்த வராந்தாவின் கோடியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். காலையில் வந்ததும் “வா” என்றான். “சாப்டியா” என்றான். ரத்தம் எடுக்க வந்தவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற அளவுக்கு அறிவு. அப்புறம் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

“அம்மா, விரலை ஆட்டாதீங்க” என்றாள் பிரிசில்லா. அமிர்தவல்லி தொடைமேல் இருந்த கையைப் பார்த்தாள். அவளை அறியாமல் விரல்கள் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தன. முப்பது வருஷப் பழக்கம், எரிச்சல் வந்தால் விரல் தட்டும். நர்ஸ் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். “நூத்தி இருபத்தி ஒண்ணு. ஏறுதேம்மா!” ஏறாமல் என்ன செய்யும், பத்து நிமிஷமாக இறங்கு இறங்கு என்று எல்லோரும் அதன் தலையில் குட்டினால். “ஏம்மா, பயமா இருக்கா? இல்ல, விருப்பமில்லாம வந்திருக்கீங்களா?” அந்தப் பெண் அதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், காய்கறிக்காரியிடம் கத்தரிக்காய் முற்றலா என்று கேட்பது போல. ஆனால் அது சுருக்கென்று உள்ளே போய்விட்டது. “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் அமிர்தவல்லி, கொஞ்சம் அதட்டலாகவே. “இன்னொரு தடவை பாக்குறேன். அப்பவும் நூறுக்கு மேலயே நின்னா இன்னைக்கு ஃபிட்னு எழுத மாட்டாங்க. ஹார்ட் டாக்டர் பாக்கணும், தைராய்டு பாக்கணும், தள்ளிப்போகும். ஏதாச்சும் இருந்துச்சுன்னா வேற டோனர்தான்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.

விருப்பமில்லாம வந்திருக்கீங்களா. கேட்டுவிட்டாளே. கேட்க வேண்டியவர்கள் யாரும் இப்படிக் கேட்கவில்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பெண் கேட்கிறாள். முதலில் வந்தது பாஸ்கரன் பெண்டாட்டி ஜெயந்தி. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பழக் கூடையோடு வந்து, “அண்ணி, எனக்கு ரத்தம் சேரல அண்ணி” என்று சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறவளிடம் என்ன சொல்வது. “பாக்கலாம் ஜெயந்தி, அழாத” என்றாள். அந்தப் ‘பாக்கலாம்’ மறுநாளே சொந்தக்காரர்கள் மத்தியில் ‘அமிர்தம் குடுக்குறாளாம்’ ஆகிவிட்டது. பெரியப்பா மகன் போன் போட்டு “தாய்க்குத் தாயா நின்னுட்டேம்மா” என்றார். யார் நின்றது? அவள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. புனேயிலிருந்து ஆதவன், “ஒரு கிட்னி போதும்மா, நான் படிச்சுப் பார்த்துட்டேன், தொண்ணூத்தொன்பது பர்சென்ட் ஒண்ணும் ஆகாது” என்றான். மிச்சம் ஒரு பர்சென்ட் யாருடைய அம்மா என்று அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணப்பனிடம் சொன்னபோது அவர் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே “உன் இஷ்டம்” என்றார். புடவைக் கலரா, உன் இஷ்டம். பையன் படிப்பா, உன் இஷ்டம். இடுப்பைக் கீறி ஒரு உறுப்பை எடுக்கப் போகிறார்களா, உன் இஷ்டம். முப்பது வருஷத்தில் அந்த மனுஷனுக்கு என்று ஒரு இஷ்டம் இருந்து அதோடு அவள் சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆக எல்லோரும் பேசிவிட்டார்கள். பாஸ்கரன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாலு மாதமாகப் பரிசோதனை, ரத்தப் பொருத்தம், தாசில்தார் சான்றிதழ், போட்டோ, போலீஸ் ஸ்டேஷன். அந்தச் சான்றிதழைத் தட்டச்சு செய்ததே அவள்தான், உறவுமுறை: உடன்பிறந்த சகோதரி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அக்கா எனக்குக் குடுப்பியா என்று அவன் கேட்கவில்லை. குடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வா, சாப்டியா.

கேட்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. அம்மா விஷயத்தில் கேட்டானா? ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம். அப்போது சென்னையில் இருந்த அவன் வீட்டில்தான் அம்மா. ஐ.சி.யூ.வில் வைத்து ஐந்து நாள். இவள் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, ஆபீசில் ஆய்வு என்று ஊருக்கு வந்தாள், வெள்ளிக்கிழமை திரும்பிப் போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மத்தியானம் போன். “அக்கா, அம்மாவுக்கு ஹார்ட் ரேட் முப்பதுக்கு வந்துடுச்சுக்கா. இதோட நிறுத்திடலாமான்னு டாக்டர் கேட்டாரு. போதும்னு சொல்லிட்டேன்.” போதும்னு சொல்லிட்டேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவனிடம் சொல்வது போல. சொல்லிவிட்டு அப்புறம்தான் போன் செய்திருக்கிறான். அரை மணி முன்னால் செய்யக்கூடாதா? ஒரு பஸ் பிடித்து வர ஏழு மணி நேரம், அந்த ஏழு மணி நேரம் அந்த முப்பதைத் தாக்குப்பிடிக்க வைத்திருக்கக்கூடாதா? அவள் போய் இறங்கியபோது மூக்கில் பஞ்சு வைத்துவிட்டார்கள். “ஏன்டா என்னைக் கேக்கல?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். அவன் பந்தல்காரனிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தான். அதோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குப் பார்த்தால் தலையாட்டுவது, அவ்வளவுதான். இவன் முகம் வீங்கி, கால் வீங்கி, கிட்னி இரண்டும் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் அவளே நம்பரை அழுத்தினாள். அப்போதும் அவன், “ம். சரியாயிடும்” என்றான். முப்பது. அட்டவணையை மேலும் கீழும் பார்த்தாள். எந்த வரியிலும் முப்பது இல்லை. இருக்காதுதான். அந்த வரியை யார் எழுதுவார்கள். ஆனாலும் முப்பது என்றால் இரண்டு நொடிக்கு ஒன்று. அம்மாவின் நெஞ்சு ஒரு தடவை அடித்துவிட்டு அடுத்ததற்கு அவ்வளவு நேரம் யோசித்திருக்கிறது. யாரை எதிர்பார்த்து யோசித்தது என்று நினைக்கிறபோதே கோபம் வந்தது, கோபம் வந்ததும் காதுக்குள் மறுபடியும் திம்திம். இதற்குத்தான் ஒன்றும் நினைக்காதே என்றாள் அந்தப் பெண். இனி மூன்றாவது தடவையும் நூற்று இருபதுதான். எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எழுதித்தான் வைத்துக்கொள்ளட்டுமே. இந்த யோசனை வந்ததும் அமிர்தவல்லி நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள். லாயக்கில்லை என்றால் என்ன ஆகிவிடும்? ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அவள் வந்தாள், கையை நீட்டினாள், உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஜெயந்தி அழுவாள், ஆனால் இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுவாள். பெரியப்பா மகன், “பாவம், அமிர்தம் தயாராத்தான் இருந்துச்சு” என்பார். பாஸ்கரனுக்கு அரசாங்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது, என்றைக்காவது வரும், மிஷின் இருக்கிறது, எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அவள் மத்தியானப் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடலாம். போனதும் கால் கழுவி, புடவை மாற்றி, குழம்பு வைக்க நேரமில்லை என்று அப்பளம் சுட்டு ரசஞ்சோறு. நாளைக்கு ஆபீஸ். அந்த மூலை மேசை, ஜன்னல் வழியாகத் தெரிகிற புங்கமரம், சாதிச் சான்றிதழுக்கு வந்து நிற்கிற பிள்ளைகள். இடுப்பில் தையல் இருக்காது. இருமினால் வலிக்காது. ராத்திரி திரும்பிப் படுக்கலாம். இரண்டும் இருக்கும் உள்ளே, அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டு. வராந்தா ஃபேன் காற்று கழுத்தில் பட்டது, இவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரியவில்லை. யாரோ தூரத்தில் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். கண் சொருகியது. அப்படியே ஒரு நிமிஷமோ மூன்று நிமிஷமோ.

“எண்பத்தி ரெண்டு!” பிரிசில்லாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். “பாத்தீங்களாம்மா, நான் சொன்னேன்ல? மனசை லேசா விட்டா தானா இறங்கிடும். ரொம்ப அழகா இருக்கு. டாக்டரைப் பாத்துடலாம், வாங்க.” கிளிப்பைக் கழற்றி, ஃபைலில் எழுதி, பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

அமிர்தவல்லி எழுந்திருக்கவில்லை. எண்பத்து இரண்டு. எதை நினைத்து எண்பத்து இரண்டு? தம்பிக்குக் கொடுக்கப் போகிறோம் என்றபோது நூற்று இருபத்து ஒன்று, கொடுக்க வேண்டியதில்லை என்றபோது எண்பத்து இரண்டு. அட கேடுகெட்ட நெஞ்சே. தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு, அந்தச் சந்தோஷத்தாலேயே மாட்டிவிட்டுவிட்டதே! சிரிப்புக்கூட வந்தது, சிரிக்கிற சிரிப்பில்லை. சிரித்த கையோடு பயம் வந்தது. அப்படியானால் அவள் விரும்பவில்லையா? பெற்ற பிள்ளை மாதிரி மடியில் போட்டு வளர்த்தவன், அவன் பிழைக்க வேண்டும் என்று இந்த உடம்பு விரும்பவில்லையா? விரும்புகிறது, விரும்பாமல் என்ன. பின்னே ஏன் எண்பத்து இரண்டு? “அம்மா, வாங்கம்மா, டாக்டர் வெயிட் பண்றாங்க.” வருகிறேன், வருகிறேன். ஒரு மனுஷி தன்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள அரை நிமிஷம் தரமாட்டார்கள் இந்த ஊரில்.

டாக்டர் ரெஹானா கதவைச் சாத்தச் சொன்னார். தலையில் முக்காடு, மேசையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஃபைலைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். “எல்லாம் நல்லா இருக்கு அமிர்தவல்லி. இன்னைக்கே எக்கோ எடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சிடும். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும், தனியாத்தான் கேக்கணும்னு எங்களுக்கு விதி. இது உங்க முடிவுதானா?”

அமிர்தவல்லி வாயைத் திறந்தாள், ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தாள். “எனக்குத் தெரியல டாக்டர்” என்று வந்தது. வந்ததும் நிற்கவில்லை. “பயமா இருக்கு. மயக்க மருந்து குடுத்து நான் முழிக்காமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. வேண்டாம்னு ஆயிட்டா நல்லா இருக்கும்னு இப்ப வெளிய உக்காந்து நினைச்சேன், அப்பத்தான் துடிப்பு கொறஞ்சுது. அதை வச்சு நீங்க டிக் போட்டிருக்கீங்க.” டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். “பயப்படாதவங்கள நான் இன்னும் பாக்கலம்மா. நீங்க வேண்டாம்னா சொல்லுங்க. மருத்துவக் காரணத்தால பொருந்தலைன்னு நான் எழுதிக் குடுத்துடுவேன். என்ன காரணம்னு யாருக்கும் சொல்ல மாட்டோம், உங்க தம்பிக்கும். உங்க பேரு கெடாது.” என்ன தங்கமான மனுஷி. அதுதான் அமிர்தவல்லிக்குத் தாங்கவில்லை. இவர்களும் இப்படியா? அவளுக்காக அழுகிறார்கள், அவளுக்காகப் படித்துப் பார்க்கிறார்கள், இப்போது அவளுக்காகப் பொய்யும் எழுதித் தருகிறேன் என்கிறார்கள். அவளை வைத்துக்கொண்டு அவளிடமே முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் ஒருத்தர் உண்டா? “ஒரு பத்து நிமிஷம் குடுங்க டாக்டர்” என்று எழுந்தாள். “எங்க போறீங்க?” “என் தம்பியோட பேசிட்டு வர்றேன். பேசி ஆறு வருஷம் ஆச்சு.”

பாஸ்கரன் வராந்தாக் கோடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இடது முழங்கையின் உள்பக்கம் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்த கையைத் தனியாகத் தூக்கி மடியில் வைத்திருந்தான், அடுத்தவர் குழந்தையை வைத்திருப்பதைப் போல. அவளைப் பார்த்ததும் “முடிஞ்சுதா?” என்றான். பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவனிடமிருந்து மருந்து வாடை வந்தது. “ஏன்டா, நாலு மாசமா ஊர்ல இருக்கிற எல்லாரும் என்கிட்ட வந்தாங்க. நீ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். பதில் வராது, எழுந்து யாரிடமாவது போய்ப் பேசப் போகிறான் என்று நினைத்தாள். “நான் கேட்டா உன்னால மாட்டேன்னு சொல்ல முடியாதுக்கா” என்றான். “ஜெயந்தி கேட்டா சொல்லலாம். மத்தவங்க கேட்டா சொல்லலாம். நான் கேட்டா முடியாது. அதான் கேக்கல. நீயா வேணாம்னு நின்னுட்டா நின்னுடட்டும்னு இருந்தேன்.” எச்சிலை விழுங்கினான், தண்ணீர் அளந்து குடிக்கிறவனுக்கு அதுவும் கஷ்டமாக இருந்தது. “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. காலைல உன் முகத்தைப் பாத்தேன். நான் டாக்டர்ட்ட போயி வேணாம்னு சொல்லிடுறேன்.”

“சொல்லிடுவ.”

“என்னக்கா?”

“சொல்லிடுவடா நீ. அம்மாவுக்கும் அப்படித்தான சொன்ன.” குரல் உயர்ந்துவிட்டது. எதிர் வரிசையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். “என்னைக் கேட்டியா அன்னைக்கு?”

அவன் முகம் என்னவோ போல ஆனது. “நீ ஊருக்குப் போனப்புறம் ரெண்டு தடவை நின்னுபோயி, நெஞ்சை அமுக்கி அமுக்கி விலாவெல்லாம் நீலமாப் போச்சுக்கா. நீ அதைப் பாக்கல. திரும்ப அமுக்கணுமா, போதுமான்னு கேட்டாங்க. உன்னைக் கூப்பிட்டா நீயும் அந்தப் பதில்ல கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். அம்மாவை நிறுத்தச் சொன்னது நான்தான்னு என்னோடயே போகட்டும்னு விட்டுட்டேன். அது உனக்கு வேணாம்னு நெனச்சேன்.”

ஆறு வருஷம். ஆறு வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறான் இந்த முட்டாள். அமிர்தவல்லிக்கு அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருந்தது, அப்படியே அந்தத் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது, இரண்டையும் செய்ய முடியாமல் கைப்பையின் வாரை முறுக்கினாள். “எனக்கு எது வேணும் வேணாம்னு முடிவு பண்ண நீ யாருடா? அம்மா எனக்கும் அம்மாதான? அந்தப் பதில்ல எனக்குப் பாதி இல்லையா? நீயே எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனா நான் எதுக்கு?” மூச்சு வாங்கியது. அவன் ஏதோ சொல்ல வந்தான், அவள் விடவில்லை. “கேளு.”

“என்னத்தக் கேக்கச் சொல்ற?”

“வாயைத் தொறந்து கேளுடா. குடுக்குறதும் குடுக்காததும் என் பாடு. கேக்குறது உன் பாடு. அதை முதல்ல செய்.”

வராந்தாவில் ஒரு வீல்சேர் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரை பாஸ்கரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நிமிர்ந்தான். கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. “அக்கா” என்றான். நின்றான். “எனக்கு வாழணும்னு இருக்குக்கா. அந்த மிஷின் முடியல. உன் கிட்னில ஒண்ணை எனக்குக் குடுப்பியா?”

இதைக் கேட்டதும் அழுதுவிடுவோம், சரி சரி என்று தலையாட்டிவிடுவோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. அவளுக்கு முன்னால் நிஜமாகவே இரண்டு வழி இருந்தது, இரண்டும் அவளுடையது, எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பயல் அவளைத் தப்பாக நினைக்க மாட்டான் என்று தெரிந்தது. ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு இடத்தில் அவளை யாரும் உட்கார வைத்ததில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

அவன் விழித்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து இருமலாகிப் புரையேறியது, அவள் முதுகில் தட்டினாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஓங்கித் தட்டினாள். “எவ்ளோ நேரம்க்கா யோசிப்ப?” என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எக்கோ எடுத்து முடிக்கிற வரைக்கும். எங்க எடுக்குறாங்க?”

“பக்கத்துக் கட்டடம். வெளிய வெயிலு. நீ இங்கயே இரு, நான் போயி டோக்கன் போட்டுட்டுக் கூப்பிடுறேன்.”

“நீயா முடிவு பண்ணாத. ரெண்டு பேரும் போவோம்.”

டாக்டரின் கதவைத் தட்டி, எக்கோவுக்குப் போகிறேன், வந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு இன்னும் ஏழு பரிசோதனை பாக்கி இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு படிவம், ஒரு படிவத்திலும் அவள் பெயரைச் சரியாக எழுதியிருக்கவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் சிமெண்ட் முற்றம் பளீரென்று காய்ந்தது. பாஸ்கரன் அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று, மெதுவாகத்தான் நடந்தான். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருந்தும் அவனை முந்தவில்லை.